நெம்புகோல் ஷாக்கைப் புதுப்பித்தல்

முன் சக்கர வளைவுக்குள் கையை விட்டு, அங்கே இருக்கும் அலுமினிய வார்ப்பின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். எண்ணெயும் புழுதியும் சேர்ந்த கருப்புப் பிசுக்கு விரலில் ஒட்டினால் உங்கள் ஷாக் அப்சார்பர் ஒழுகுகிறது. பெரும்பாலானவர்கள் உடனே ஆயில் சீலை மாற்றச் சொல்லிப் பட்டறையில் விட்டுவிடுவார்கள். சில மாதங்களில் அதே பிசுக்கு திரும்பி வரும். இந்த வகை ஷாக்கில் எண்ணெய் ஒழுகல் ஓர் அறிகுறி மட்டுமே. நோய் இருப்பது தண்டிலும், அது உட்கார்ந்து திரும்பும் துளையிலும். துளையைச் சரிசெய்யாமல் சீலை மட்டும் மாற்றுவதற்குச் செலவிடும் காசு வீண். இந்த அத்தியாயத்தில் வரும் வேலைகள் எல்லாம் இந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான்.

எடுத்துக்காட்டாக மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்கிறேன். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், எழுபதுகளின் தொடக்கம் வரை பதினாறு லட்சத்துக்கும் மேல் தயாரானது. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்றது. இலங்கையில் மைனர் இன்றும் அன்றாட வண்டி. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கூட பழைய பிரிட்டிஷ் கார்களை ஓட்டினார்கள். அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு நான் சொல்லப்போகும் பாதி வேலை கைவந்த கலை. இதே குடும்பத்து ஷாக்குகள்தாம் எம்.ஜி. ஏ, எம்.ஜி. பி, ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் போன்ற கார்களிலும் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பெவர்லி ஊரில் இருந்த ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் இவற்றைச் செய்தது. அளவுகள் மாறும், முறை மாறாது.

உள்ளே நடப்பது

கழற்றுவதற்கு முன் இதன் உள்ளமைப்பு மனதில் படிந்திருக்க வேண்டும். அலுமினிய உடலுக்குள் இரண்டு சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன். இரண்டுக்கும் மேலே குறுக்காக ஒரு தண்டு ஓடுகிறது. தண்டின் நடுவில் ஓர் ஆடுகட்டை இறுக்கமாக அமர்ந்திருக்கிறது. அதன் இரு முனைகளும் சிறு கனெக்டிங் ராடுகள் வழியே பிஸ்டன்களைப் பிடித்திருக்கின்றன. தண்டு உடலை விட்டு வெளியே வரும் இடத்தில் எஃகுக் கை பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது கை ஆடும், தண்டு திரும்பும், ஏற்றக்கட்டை போல ஒரு பிஸ்டன் இறங்க மற்றொன்று ஏறும். இறங்கும் பிஸ்டன் தன் கீழுள்ள எண்ணெயை அடிப்பாதை வழியாக அடுத்த சிலிண்டருக்குத் தள்ளுகிறது. அந்தப் பாதையின் நடுவில் ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று வழிமறிக்கிறது. சக்கரம் மேலே ஏறும்போது வால்வு சற்று எளிதாக வழிவிடும். ஸ்பிரிங் விரிந்து சக்கரம் கீழே இறங்கும்போது கடுமையாகத் தடுக்கும். ஆட்டத்தின் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் சூடாக மாறி, அலுமினிய உடல் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. பிஸ்டன்களிலேயே ஒருவழி வால்வுகளும் உண்டு. மேல் தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கி, சிலிண்டர் எப்போதும் நிறைந்திருக்கும்படி அவை பார்த்துக்கொள்ளும்.

இத்தனை உறுப்புகளில் தண்டுதான் முதலில் தேயும். மைனரின் முன்பக்க அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். கீழே ஒரு கை, அதைத் தாங்கும் டார்ஷன் பார். மேலே தனியாகக் கை எதுவும் கிடையாது. ஷாக்கின் கையே மேல் கை. வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரத்தின் மேல்பக்கம் வாங்கும் விசை முழுவதும் ஷாக்கின் தண்டு வழியே சேஸிக்குப் போகிறது. அதிர்வை அடக்குவதோடு சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு. தண்டு தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வே மாறும். டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டீயரிங் அலையும். பின் ஷாக்குகளுக்கு இந்தச் சுமை இல்லை. அவை பட்டை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை மட்டும் அடக்குகின்றன. அதனால் நீண்ட காலம் தாங்கும். பணம் அளவாக இருந்தால் முன்பக்க ஜோடியை முதலில் செய்யுங்கள்.

நோயைக் கண்டுபிடித்தல்

காரின் ஒரு மூலையை உடல் பாரத்தால் அழுத்தி விடுங்கள். மேலே வந்து உடனே நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் அந்தப் பக்க ஷாக்கில் தடை இல்லை. இது எல்லோரும் செய்யும் சோதனை. இதைவிட முக்கியமானது அடுத்தது. முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் டயரை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்ட, நீங்கள் டார்ச் அடித்துத் தண்டு உடலுக்குள் நுழையும் இடத்தையே பாருங்கள். கை தன் அச்சில் திரும்பலாம். ஆனால் தண்டு துளைக்குள் மேலும் கீழும் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தால் துளை தேய்ந்துவிட்டது. சீலின் உதடு மெல்லிய ரப்பர். தண்டு ஒரு பக்கம் ஒதுங்கும்போது மறுபக்கம் இடைவெளி திறக்கிறது. எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அந்த இடைவெளியை அதனால் மூட முடியாது.

ஆட்டம் தண்டில் இல்லாமல், சக்கரம் திரும்பும் அச்சான ஸ்விவல் பின்னின் கீழ்ப்பிடியில், அதாவது கீழ் டிரன்னியனில் தெரிந்தால் ஷாக்கை மறந்துவிட்டு அதை முதலில் பாருங்கள். மைனரின் டிரன்னியன்கள் மறை வெட்டியவை. கிரீஸ் அடிக்காமல் விட்டால் கீழ் மறை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்து விழும். இந்தக் காரில் உயிரைப் பறிக்கக்கூடிய குறை அதுதான்.

ஒழுகும் எண்ணெய் எதனுடையது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் பிரேக் ஆயில், மிதந்தால் ஷாக் எண்ணெய். பின்பக்கத்தில் கந்தகம் கலந்த கடுமையான நெடி அடித்தால் அது ஆக்ஸிலின் கியர் ஆயில்.

கழற்றுதல்

முன் ஷாக்கைக் கழற்றுவதில் ஆபத்து உண்டு. மேல் கை விடுபட்ட கணமே டார்ஷன் பார் தன் பாரத்தைக் கீழ்க் கையின் மேல் கொட்டி அதைத் தரையை நோக்கித் தள்ளும். ஆகவே கார் ஸ்டாண்டில் நின்றாலும், கீழ்க் கையின் வெளி நுனிக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கியை வைத்து, அந்தப் பாரத்தை அது வாங்கும் வரை உயர்த்திய பிறகுதான் மேல் டிரன்னியனின் நட்டைத் தொட வேண்டும். ஷாக் திரும்பப் பொருந்தும் வரை அந்த ஜாக்கியை அசைக்கக் கூடாது. மேல் பிடி விட்டுப்போன ஹப்பை ஒரு கம்பியால் சேஸியோடு கட்டுங்கள். அதன் எடை பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். வெளியே எதுவும் தெரியாது.

பின் ஷாக் எளிது. இணைப்புக் கம்பியின் நட்டைக் கழற்றி, உடலைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளை எடுத்தால் கைக்கு வந்துவிடும். கழற்றிய ஷாக்கைக் கவிழ்த்து வைக்காமல், காரில் இருந்தபடியே நிமிர்த்தி வையுங்கள். பிரிக்கத் தேவையில்லை என்று பிறகு முடிவானாலும் சிலிண்டருக்குள் காற்று புகாமல் இருக்கும்.

பிரித்துச் சுத்தம் செய்தல்

மேல் மூடியைத் திறக்குமுன் வெளிப்புறம் முழுவதையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்துக் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். உள்ளே விழும் ஒரு மணல்துகள் வால்வு முழுதாக மூடாமல் தடுக்கப் போதுமானது. பழைய ஒர்க்‌ஷாப் கையேடுகள், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது இதைத்தான் முதன்மையாக வலியுறுத்துகின்றன.

காஸ்டிக் சோடா கரைசலில் உடலை ஊறப்போட யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எஞ்சின் இரும்புப் பாகங்களுக்குப் பழக்கமான அந்த வழி அலுமினியத்தை அரித்துக் கரைத்துவிடும். மணலடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம். மணல் துளைகளுக்குள் பதுங்கி, பிறகு எண்ணெயோடு சுற்றிவரும்.

எண்ணெயை வெள்ளைத் துணியின் மேல் வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் அது தேய்ந்த அலுமினியம். பால்போல் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியானால் பிஸ்டன்களிலும் ஸ்பிரிங்கிலும் துருவைத் தேடுங்கள். உடலின் அடியிலுள்ள பெரிய அறுகோண மூடிக்குப் பின்னால் வால்வு இருக்கிறது. மூடி, வாஷர், ஸ்பிரிங், வால்வு என்று வெளிவரும் வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்குங்கள். ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படமெடுங்கள். இடது ஷாக்கின் உறுப்புகளும் வலது ஷாக்கின் உறுப்புகளும் கலந்துவிடக் கூடாது. ஒரே ஜோடியில் இரு பக்கமும் வேறு வேறு ஸ்பிரிங் இருப்பதுண்டு. முன்பு யாரோ கிடைத்ததைப் போட்டு மூடியிருப்பார்கள்.

இனி கை. தண்டின் பல் வெட்டுகளில் அது கடும் இறுக்கமாக ஏறியிருக்கும். எடுக்குமுன் கையின் முகத்திலும் தண்டின் நுனியிலும் ஒரே நேர்கோட்டில் சென்டர் பஞ்சால் குறி போடுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால் வேலை முழுவதும் கெடும். ஒரே ஒரு பல் தள்ளிக் கையை ஏற்றினாலும் பிஸ்டன்கள் தம் ஓட்டத்தின் நடுவில் நிற்காது. பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஒரு பிஸ்டன் முனையில் முட்டும். உள்ளே ஆடுகட்டைக்கும் அதேபோல் குறி வேண்டும்.

சுத்தியலால் அடித்துக் கையை எடுக்கப் பார்ப்பவர்கள் வார்ப்பின் காதுகளை உடைத்துவிடுவார்கள். ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். கைக்கு அடியில் தடித்த எஃகுத் தகடு கொடுத்து, அழுத்தம் தண்டின் மேல் மட்டும் விழும்படி தள்ள வேண்டும். அலுமினிய உடல் பிரஸ்ஸின் பாரத்தை ஒரு கணமும் தாங்கக் கூடாது. ஒரே மூச்சில் வராவிட்டால் அழுத்தத்தை வைத்தபடி சற்றுக் காத்திருங்கள்.

லேத் பட்டறையில் கேட்க வேண்டியது

தண்டை முதலில் பாருங்கள். நகத்தை ஓட்டினால் கோடு தட்டுப்படும் அளவு தேய்ந்திருந்தால் ஹார்டு குரோம் பூசி, பழைய அளவுக்கு கிரைண்ட் செய்ய வேண்டும். சீலின் உதடு தொடும் இடம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். அங்கே எமரிப் பேப்பரை நீளவாக்கில் ஓட்டினால் ஒவ்வொரு கீறலும் எண்ணெய்க்கு ஒரு வாய்க்கால் ஆகிவிடும். மெருகேற்றுவதானால் சுற்றுவாக்கில் மட்டும்.

தேய்ந்த துளை வட்டமாக இருக்காது. விசை ஒரே திசையில் விழுந்ததால் முட்டை வடிவத்தில் நீண்டிருக்கும். அதைப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ் இறக்க வேண்டும். இங்கே லேத்காரரிடம் ஒன்றை விடாப்பிடியாகக் கேளுங்கள்: இரு பக்கத் துளைகளையும் உடலைத் திருப்பிப் போடாமல், ஒரே அமைப்பில், ஒரே அச்சில் போர் செய்ய வேண்டும். தனித்தனியாகப் போர் செய்தால் இரண்டு மையங்களும் நூலிழை விலகும். தண்டு இறுகும். புஷ் சில மாதங்களில் மறுபடி தேயும். ஒப்புக்கொள்ளத் தயங்கும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். கூடுதல் கூலி கேட்டாலும் சொன்னபடி செய்பவரிடம் போங்கள். மொத்தச் செலவில் பெரும்பகுதி இங்கேதான் போகும், போக வேண்டியதும் இங்கேதான்.

புஷ்ஷை ஏற்றும்போது உடலை மின் அடுப்பில் 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்துக் குளிர்வித்துக்கொள்ளுங்கள். அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கன்மெட்டலைவிடவும் கூடுதலாக விரியும். புஷ் இலகுவாக இறங்கி, ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கேஸ் டார்ச்சின் தீயை உடலில் நேரடியாகக் காட்டினால் ஓரிடம் மட்டும் விரிந்து வார்ப்பு முறுகும். ஏற்றிய பிறகு இரு புஷ்களையும் ஒரே நீள ரீமரால் கடைந்து, தண்டு எண்ணெய் தொட்டு விரலால் தள்ளினால் நழுவிப் போகும், ஆனால் மேலும் கீழும் ஆடாத அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

சீல் பொருத்த உடலின் வெளிமுகத்தில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டியிருக்கும். சீலை காரின் பெயர் சொல்லித் தேடுவதைவிட அளவு சொல்லித் தேடுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு பேரிங் கடைக்குப் போனால் நைட்ரைல் ரப்பரில் இரட்டை உதடு சீல் கிடைக்கும். வெளி உதடு புழுதியைத் தடுக்கும், உள் உதடு எண்ணெயைக் காக்கும். நம் சாலைகளுக்கு அந்த வெளி உதடு அவசியம். தண்டை நுழைக்கும்போது பல் வெட்டுகள் உதட்டைக் கிழிக்காமல் இருக்க, அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

மீண்டும் பூட்டுதல், எண்ணெய், காற்று நீக்கல்

மேல் மூடியின் கேஸ்கட்டை நல்ல கேஸ்கட் ஷீட்டில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். மறை அலுமினியத்தில் வெட்டியது. எஃகில் இறுக்கிய கைப்பழக்கத்தில் முறுக்கினால் மறை உரிந்துவரும். ஏற்கெனவே உரிந்திருந்தால் புது மறைச் சுருளான ஹெலிகாயில் போடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் தெளிவாக இருங்கள். ஆம்ஸ்ட்ராங் 624 என்ற மெல்லிய ஷாக் எண்ணெயைத்தான் மைனரைத் தயாரித்த பி.எம்.சி.யின் பழைய கையேடுகள் சொல்கின்றன. கிடைக்காவிட்டால் எஸ்.ஏ.இ. 20 டபிள்யூ மினரல் எண்ணெய் ஊற்றலாம், ஆனால் கடுங்குளிர் நாட்டுக்கு அது ஒவ்வாது என்றும் அவையே சொல்கின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அந்தக் கவலை இல்லை. மோட்டார் சைக்கிள் கடையில் விற்கும் 20 டபிள்யூ ஃபோர்க் ஆயில் இதற்கு நன்றாகப் பொருந்தும். நுரை வராமல் தடுக்கும் சேர்க்கையும் அதில் உண்டு. பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. அது இந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

ஒழுகலை மறைக்கக் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றும் வழக்கம் ஒன்று உண்டு. அது ஷாக்கைக் கொல்லும் வழி. கெட்டி எண்ணெய் பிஸ்டன் வால்வுகள் வழியே உரிய நேரத்தில் இறங்காது. சிலிண்டரில் வெற்றிடம் விழும். அடுத்தடுத்துப் பள்ளங்கள் வரும் சாலையில் முதல் பள்ளத்தில் கல்லாகவும் அடுத்ததில் காலியாகவும் இருக்கும். ஷாக் கடினமாக வேண்டுமென்றால் வால்வு ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

உடலின் பிடிகாதுகளை வைஸில் பிடித்து, ஷாக்கை நிமிர்த்தி, மேல் மூடித் துளை வழியே எண்ணெய் விடுங்கள். ஒரு குழாயைக் கையில் செருகி நீட்டிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக, முழு வீச்சில் ஆட்டுங்கள். குமிழ்கள் வரும், மட்டம் இறங்கும். மேலும் விடுங்கள். நடுவில் எங்காவது கை தடையின்றித் தொளதொளவென்று போனால் இன்னும் காற்று இருக்கிறது. பொறுமையாகத் தொடர்ந்தால் தடை வீச்சு முழுவதும் ஒரே சீராக வந்துவிடும். வராவிட்டால் வால்வைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெயைத் துளையின் மறை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். சூட்டில் விரிய அதற்கு இடம் வேண்டும்.

ஜோடிப் பொருத்தத்தையும் மேசையிலேயே சோதிக்கலாம். இரண்டு ஷாக்கின் கைகளிலும் ஒரே தூரத்தில், ஒரே எடைக்கல்லைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழே இறங்க ஆகும் நேரத்தை எண்ணுங்கள். பிறகு ஷாக்கைத் திருப்பிப் பிடிக்காமல், கயிற்றுக் கப்பி வழியே எடையை மேல்நோக்கி இழுக்கவிட்டு மறுதிசையையும் அளவிடுங்கள். இரு திசைகளுக்கும் நேரம் வேறாக இருப்பதே சரி. ஆனால் இடதும் வலதும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். நிறைய வேறுபட்டால் காரில் ஏற்றாதீர்கள்.

காரில் ஏற்றும்போது பிடிமுகங்களில் பெயின்ட்டோ துருவோ இல்லாமல் வழித்துவிடுங்கள். மேல் டிரன்னியனுக்குப் புதிய ரப்பர் புஷ் போடுங்கள். அதன் நட்டை விரல் இறுக்கத்தில் விட்டு, காரைத் தரையில் இறக்கி, சக்கரம் தன் இயல்பான உயரத்துக்கு வந்த பிறகே முழுதாக இறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியபடி இருந்து விரைவில் கிழிந்துபோகும். பின்பக்க இணைப்புக் கம்பியின் ரப்பரும் வெடித்திருந்தால் இதே சமயம் மாற்றிவிடுங்கள். புதுப்பித்த ஷாக்கிலும் ‘டக் டக்’ என்ற சத்தம் வந்தால் காரணம் பெரும்பாலும் அந்த ரப்பரோ தளர்ந்த பிடி போல்ட்டோதான்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் டெலஸ்கோபிக் ஷாக் மாற்றினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பின்பக்கத்துக்கு அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. முன்பக்கத்தில், விற்பனையாகும் மாற்று அமைப்புகள் பலவும் பழைய நெம்புகோல் ஷாக்கையே மேல் கையாக வைத்துக்கொண்டு பக்கத்தில் புதிய ஷாக்கைப் பொருத்துகின்றன. தேய்ந்த துளை அப்படியே இருக்கும், சக்கரம் அப்படியே ஆடும். புஷ் இறக்கிச் சரியாகப் புதுப்பித்த பழைய ஷாக் அதைவிடச் சிறந்தது என்பதே என் முடிவு.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிடி போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். பின் ஷாக்கின் மூடியை எட்டுவது சிரமம் என்பதால் அதைக் கழற்றிச் சரிபார்ப்பதே நல்லது. இந்த வேலையில் உங்களிடம் ஒரு பழைய உடல் மிஞ்சினால், அது எவ்வளவு தேய்ந்திருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெடிப்பில்லாத வார்ப்பு எதையும் புஷ் இறக்கி மீட்கலாம். பெவர்லி ஆலையில் இப்போது இவற்றை வார்ப்பதில்லை. அடுத்த மைனர்காரருக்கு அது தேவைப்படும்.